300 ரூபாய்க்குள் தீரன் சின்னமலை: தையல் மெஷின் இல்லாமல் மாறுவேட உடை

கேள்வி இதுதான்: "ஏற்காட்டில் இருக்கிறோம். பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. தீரன் சின்னமலை வேடம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கீழே சேலத்தில் வாடகைக்குக் கேட்டால் அட்வான்ஸோடு சேர்த்து ரொம்ப அதிகமாகிறது. 300 ரூபாய்க்குள் வீட்டிலேயே செய்ய முடியுமா? தையல் மெஷின் கிடையாது, ஊசி நூல் பிடிக்கத் தெரியும். அட்டையில் கிரீடம், கவசம் எல்லாம் செய்ய வேண்டுமா? அடுத்த வருஷம் தங்கச்சிக்கும் ஆகிற மாதிரி இருந்தால் நல்லது."

முடியும். 300 ரூபாய் தாராளம், பாதி மிச்சம்கூட ஆகலாம். நான் சேலத்தில் குகை என்கிற பகுதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆடி வந்தால் எங்கள் கோயில் பண்டிகையின் வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்கு வேடம் கட்டுகிறவர்களுக்கு உடுப்பு தைப்பேன். அது முடிந்த கையோடு ஆகஸ்ட் பதினைந்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் உடுப்பு வரிசைகட்டி வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்வியிலேயே ஒரு செலவைக் குறைத்துவிடலாம். கிரீடமும் வேண்டாம், மார்புக் கவசமும் வேண்டாம். சின்னமலை புராண ராஜா இல்லை. 1756-இல் காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு மோதி, 1805 ஜூலை 31 அன்று நம் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர். அவருக்குப் போட்டோ கிடையாது, அந்தக் காலத்தில் போட்டோவே வரவில்லை. சிலையிலும் காலண்டரிலும் நாம் பார்ப்பது பின்னால் வந்தவர்கள் மனதில் கண்ட உருவம். ஆனால் அந்த உருவத்தில் எல்லோரும் ஒத்துப்போகிற சில அடையாளங்கள் இருக்கின்றன. தலைப்பாகை, முறுக்கிய மீசை, வாள், இடுப்பில் அகலமான கச்சை. இந்த நாலும் சரியாக வந்துவிட்டால் பையன் சின்னமலைதான். நாலில் ஒன்று விட்டுப்போனால், மேலே எவ்வளவு ஜரிகை ஒட்டினாலும் ஏதோ ஒரு ராஜா மாதிரிதான் தெரிவான்.

எந்த வேடத்துக்கும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தலையில் என்ன இருக்கிறது, கையில் என்ன இருக்கிறது? தெருக்கூத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதற்குப் பின்னால் வேடக்காரர் வந்து நிற்பார். திரைக்கு மேலே தலைக்கட்டு மட்டும் தெரியும்போதே கூட்டத்துக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். பள்ளி மேடையும் அப்படித்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு உங்கள் பையனின் தலையும் கையும்தான் தெரியும். பட்டன் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே காசையும் நேரத்தையும் தலைக்கும் கைக்கும் செலவழியுங்கள். உடம்புக்கு வீட்டில் இருப்பது போதும்.

தலைப்பாகையிலிருந்து ஆரம்பிக்கலாம். பையன் தலையிலேயே நேராகக் கட்ட வேண்டாம். மேடை ஏறும் முன்பே அவிழ்ந்துவிடும், அவிழ்ந்ததும் குழந்தைக்கு அழுகை வந்துவிடும். பழைய விளையாட்டுத் தொப்பி ஒன்றை எடுத்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பை வெட்டிவிடுங்கள். அதைத் தலை அளவுக்குப் பொருந்துகிற ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 51, 52 சென்டிமீட்டர் இருக்கும். எதற்கும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பழைய துப்பட்டாவையோ சேலைத் துணியையோ நீளவாக்கில் ஆறு விரல் அகலத்துக்கு மடித்து, லேசாக முறுக்கி, தொப்பியைச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நாலைந்து இடத்தில் தொப்பியோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். முன்பக்கம் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உயரமாகவும், பின்பக்கம் தாழ்வாகவும் வர வேண்டும். நுனியை ஒரு சாண் அளவுக்குப் பின்னால் தொங்கவிட்டால் பையன் திரும்பும்போது அழகாக ஆடும்.

துணியின் நிறம் முக்கியம். அடர் சிவப்பு, அரக்கு, மாம்பழ மஞ்சள் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பருத்தியோ பட்டு மாதிரித் துணியோ பரவாயில்லை, வழுவழு சாட்டின் வேண்டாம். சாட்டின் வழுக்கும், சுற்று நிற்காது. உங்களிடம் பழைய சேலை இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். இளம்பிள்ளைச் சேலை இல்லாத வீடு நம் மாவட்டத்தில் ஏது? கரை கிழிந்த சேலை ஒன்று கிடைத்தாலே தலைப்பாகை, கச்சை, தோள் துணி மூன்றும் வந்துவிடும். முன்னால் வைக்கும் பதக்கத்துக்கு, ஜோடி தொலைந்துபோன பெரிய தோடு ஒன்று போதும். அதையும் பின் குத்தாமல் நூலால் தைத்துவிடுங்கள். தலைப் பக்கம் ஊக்கே கூடாது என்பது நான் விட்டுக்கொடுக்காத விஷயம்.

அடுத்து கீழ் உடுப்பு. கச்சம் கட்டிய வேட்டிதான் பொருத்தம். ஆனால் நிஜமாகவே கச்சம் கட்டிவிட்டால் பையன் பாத்ரூம் போக முடியாது. அவசரத்துக்கு டீச்சர் அவிழ்த்துவிட்டால் திரும்பக் கட்டத் தெரியாது. இதற்கு ஒரே வழி, இலாஸ்டிக் வைத்த பழைய டவுசரின் மேலேயே வேட்டியைத் தைத்துவிடுவது. நாலு முழ வேட்டியை அகலவாக்கில் இரண்டாக மடித்தால் ஏறக்குறைய 25 அங்குல உயரம் வரும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இடுப்பிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல் வரை சரியாக இருக்கும். டவுசரைப் போட்டு நிற்கவைத்து, வேட்டியின் நடுப்பகுதியைப் பின் இடுப்பில் வைத்து, இரண்டு தலைப்பையும் முன்னால் கொண்டுவாருங்கள். இடது தலைப்பைக் கொசுவி, காலுக்கு இடையில் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் செருகுங்கள். வலது தலைப்பை முன்னால் விசிறிக் கொசுவமாக விடுங்கள். ஊக்கு குத்தி, பையனை நாலு எட்டு அகலமாக எடுத்துவைத்து நடக்கச் சொல்லுங்கள், ஒரு முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். இழுக்கவில்லை என்றால் கழற்றி, ஊக்கு இருந்த இடத்திலெல்லாம் தைத்துவிடலாம்.

தைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடுப்பைச் சுற்றி ஒரே ஓட்டமாகத் தைத்தால் இலாஸ்டிக் விரியாது, டவுசர் இடுப்பில் ஏறாது. இலாஸ்டிக்கை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று விரல் இடைவெளிக்கு ஒரு முறை நாலைந்து தையல் போட்டு முடிச்சிடுங்கள், அடுத்த இடத்துக்குத் தாவுங்கள். முன்னால் இருக்கும் கொசுவமும் பின்னால் செருகியதும் இரண்டுமே டவுசரோடுதான் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் மொத்தமாக இறக்கி மொத்தமாக ஏற்ற முடியும். போட்டிக்கு முந்தின நாள் வீட்டில் அவனாகவே ஒரு முறை இறக்கி ஏற்றிப் பழகட்டும்.

மேலுக்கு வெள்ளை ஜிப்பா இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெள்ளை முழுக்கைச் சட்டையின் காலரை உள்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள், பட்டன் வரிசையைத் தோள் துணி மறைத்துவிடும். வெற்று மார்போடு நிறுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். சேலத்தில் பரவாயில்லை, ஏற்காட்டில் ஆகஸ்ட் காலையில் கொடி ஏற்றும்வரை குளிரில் நிற்கிற பிள்ளைக்கு அது வேண்டாம். உள்ளே ஒரு பனியன் போட்டுவிடுங்கள்.

கச்சைக்குச் சேலையின் ஜரிகைக் கரை. வெட்டக்கூட வேண்டாம், அகலமாக மடித்து இரண்டு சுற்று சுற்றி, முடிச்சை இடது பக்கம் போட்டு நுனிகளைத் தொங்கவிடுங்கள். டவுசர் இடுப்பையும் தையல்களையும் இது மறைக்கும். வாள் செருக ஒரு வளையமும் இதிலேயே தைத்துக்கொள்ளலாம்.

இப்போது வாள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வாள் பளபளவென்று இருக்கும், ஆனால் நுனி கூர், பிடி சின்னது. சில பள்ளிகளில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அட்டையில் செய்வதே நல்லது. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே வரிவரியாக ஓடும். அந்த வரி வாளின் நீளவாக்கில் ஓடும்படி இரண்டு துண்டும், குறுக்குவாக்கில் ஓடும்படி ஒரு துண்டும் வெட்டுங்கள். குறுக்கு வரித் துண்டு நடுவில் வர வேண்டும். மூன்றும் ஒரே பக்கம் ஓடினால் வாள் மடங்கிவிடும். நடு அடுக்கில் தென்னை ஈர்க்கு மூன்று நாலு சேர்த்து வைத்து ஒட்டினால் விறைப்பாக நிற்கும். ஈர்க்கு வாளின் நுனிக்கு இரண்டு அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும், நுனியை வட்டமாக வெட்டுங்கள். மொத்த நீளம் 20 அங்குலம் போதும், லேசான வளைவு கொடுங்கள். ஒட்டியதும் ஒரு ராத்திரி முழுக்க மேலே கனமான புத்தகங்கள் அடுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும்.

வெள்ளி நிறத்துக்கு அலுமினியத் தாள் வாங்காதீர்கள். கை பட்டாலே சுருங்கிக் கிழியும். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, பாத்திர சோப்பு போட்டு எண்ணெய் போகக் கழுவித் துடைத்தால், உள்பக்கம் அசல் வெள்ளி மாதிரி இருக்கும். ஃபெவிகால் அதில் பிடிக்காது, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு ஒட்டுங்கள். பாக்கெட் கிடைக்கவில்லை என்றால் வெள்ளி நிறப் பரிசுத் தாள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிடிக்குக் கறுப்புக் கயிறோ பழைய ஷூ லேஸோ நெருக்கமாகச் சுற்றுங்கள், வேர்த்த கையில் நழுவாது.

கேடயம் வேண்டும் என்று பையன் கேட்பான், நிச்சயம் கேட்பான். செய்து கொடுங்கள், இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். கடையில் விற்கிற பாக்கு மட்டைத் தட்டில் பெரியது ஒன்று, 12 அங்குல வட்டத் தட்டு. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புகள் நிறைய இருப்பதால் நம் ஊரில் இது தாராளமாகக் கிடைக்கும். தட்டின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, கறுப்பு போஸ்டர் கலரில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து பூசுங்கள். ஃபெவிகால் சேர்த்தால் காய்ந்த பிறகு கையில் ஒட்டாது, தூறல் பட்டாலும் சட்டென்று கரையாது. பழைய கோட் பட்டன்களையோ பிளாஸ்டிக் பாட்டில் மூடிகளையோ பொன்நிறம் பூசிக் குமிழ்களாக ஒட்டுங்கள், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. பின்னால் கைப்பிடி வைக்காதீர்கள். நாலு துளை போட்டு, முன்கையில் மாட்டுகிற மாதிரி இரண்டு இலாஸ்டிக் பட்டை கோத்துவிடுங்கள். ஏன் என்றால், ஒரு கையில் வாள், இன்னொரு கையில் கேடயம் என்றால் மைக்கை யார் பிடிப்பது? இலாஸ்டிக்கில் மாட்டினால் கேடயம் முன்கையில் இருக்கும், அந்தக் கையின் விரல்கள் மைக்குக்கு மிச்சம். வேடம் அமோகமாக இருந்தும் பேசியது ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கிய பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

மீசையை ஒட்டாதீர்கள். ஒட்டுப் பசை குழந்தைத் தோலில் அரிக்கும், பேசப் பேச ஒரு பக்கம் உரிந்து தொங்கும். கண்மைப் பென்சிலால் வரைந்து, அதன் மேல் முகப் பவுடரை மெதுவாக ஒற்றி, திரும்ப ஒரு முறை வரைந்தால் வேர்வையில் கலையாமல் சில மணி நேரம் நிற்கும். மூக்குக்குக் கீழே நடுவில் சின்ன இடைவெளி விட்டு, உதட்டோரம் தாண்டிக் கன்னத்தில் மேல்நோக்கி ஏற்றுங்கள். புருவத்தையும் கொஞ்சம் தடிப்பாக்குங்கள். நெற்றியில் திருநீறு. முகத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். போஸ்டர் கலர், பெயிண்ட், மினுமினுப்புத் தூள் எதையும் முகத்தில் தொடவிடாதீர்கள். மினுமினுப்பு கண்ணில் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. பழைய கூத்துக்காரர்கள் பூசிய அரிதாரம் ஆர்செனிக் கலந்த கனிமம், அதை யாராவது சிபாரிசு செய்தாலும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கண்மையைக்கூட முந்தின நாள் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் சரி.

வாடகை உடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கத்துப் பிள்ளை அதில் வந்து நிற்கும்போது உங்களுக்கு மனசு சுருங்கக் கூடாது. எங்கள் குகை மாரியம்மன், காளியம்மன் பண்டிகையில் ஆடி மாதம் நடக்கிற வண்டி வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். மனிதர்களே சாமி வேடமும் புராண வேடமும் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் ராத்திரி ஊர்வலமாக வருவார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் ஜிகினா, கண்ணாடி, சம்கி எல்லாம் தீயாய் ஜொலிக்கும். அதற்காகவே அந்த உடுப்புகளில் அள்ளி ஒட்டுவோம். வாடகைக் கடை உடுப்பும் ராத்திரி மேடைக்குத்தான் தைக்கப்பட்டிருக்கும். அதையே காலை ஒன்பது மணி வெயிலில், அதிலும் ஏற்காட்டு மேகமூட்டத்தில் போட்டுப் பாருங்கள், நிறம் வெளுத்து, பசைத் தடம் தெரியும். பகல் வெளிச்சத்துக்கு நெசவுத் துணிதான் அழகு. பருத்தியின் மடிப்பு, நிஜ ஜரிகையின் மங்கலான மினுக்கு, கச்சையின் சுருக்கம் இவைதான் பகலில் கண்ணுக்கு நிற்கும். பழைய சேலையில் செய்த உங்கள் உடுப்பு அங்கே ஒரு படி மேலேயே இருக்கும். இதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை.

வண்டியில் வேடம் கட்டுகிறவர்களிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் உண்டு. அவர்கள் மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிற்க வேண்டும். அதனால் உடுப்பு தயாரானதும் கண்ணாடி முன் நின்று அழகு பார்க்க மாட்டார்கள். எங்கே அரிக்கிறது, எங்கே அழுத்துகிறது, கை தூக்கினால் எது இழுக்கிறது என்றுதான் முதலில் சொல்வார்கள். பையனிடமும் அதையே கேளுங்கள். தலைப்பாகை நெற்றியில் அழுத்துகிறதா? ஜரிகை கழுத்தில் குத்துகிறதா? குத்துகிற இடத்தில் பழைய பனியன் துணியை உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டால் தீர்ந்தது. மொத்த உடுப்போடு அரை மணி நேரம் வீட்டில் சும்மா இருக்கவிடுங்கள். அதில் தாங்கினால் பள்ளியிலும் தாங்கும்.

அட்டைக் கவசம் பற்றிக் கேட்டீர்கள். இந்த வேடத்துக்கு வேண்டாம் என்று சொன்னேன், ஆனால் அடுத்த வருஷம் வேறு வேடம் வரலாம். அதனால் செய்முறையைச் சொல்லிவைக்கிறேன். காகிதக்கூழ் வேலைக்கு நம் ஊரில் பசை வாங்கவே கூடாது. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவுக்கும் ஜவ்வரிசிக்கும் பஞ்சமா? ஒரு பங்கு மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, எட்டுப் பங்கு தண்ணீர் ஆகும்வரை சேர்த்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். செய்தித்தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், கிழிந்த ஓரம்தான் மேடு தெரியாமல் படியும். அச்சாக வைக்கிற பாத்திரத்தின் மேல் பிளாஸ்டிக் கவரைப் போர்த்தி, ஒரு அடுக்கு நெட்டுவாக்கில், அடுத்த அடுக்கு குறுக்குவாக்கில் என்று நாலு அடுக்கு ஒட்டினால் நல்ல உறுதி. பூச்சிக்கு மயில்துத்தம் போடுகிற பழக்கம் உண்டு. குழந்தை முகத்துக்கும் கைக்கும் அருகில் வருகிற பொருளில் அதைப் போடக் கூடாது, அது விஷம். பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் போதும்.

ஆனால் இதையெல்லாம் இந்த மாதம் ஏற்காட்டில் ஆரம்பிக்காதீர்கள். சேலம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை, நீங்கள் இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டரில். இங்கே மாடியில் வைத்தால் ஒரே நாளில் காய்கிற அடுக்கு, அங்கே ஆடி, ஆவணி மூடுபனியில் மூன்று நாள் ஆனாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அப்புறம் பூஞ்சை பிடித்து வாடை அடிக்கும். அங்கே காகிதக்கூழ் வேலையைப் பங்குனி, சித்திரை வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஊசி நூல்தான் கை கொடுக்கும். இந்தப் பதிலில் நான் முடிந்த இடத்திலெல்லாம் ஒட்டாமல் தைக்கச் சொல்வதும் அதனால்தான். வாளுக்கும் கேடயத்துக்கும் போட்ட ஃபெவிகாலுக்கு மட்டும் இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள், அடுப்படி ஓரமாக வையுங்கள், தீக்குப் பக்கத்தில் வேண்டாம்.

காகிதக்கூழுக்குப் பதில் இன்னொரு பொருள் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் மேல். மரத்திலிருந்து விழுந்த பாக்கு மட்டை. தோப்புக்காரர் யாராவது தெரிந்தவர் இருந்தால் நாலு மட்டை சும்மாவே கொடுப்பார். தண்ணீரில் நன்றாக ஊறவைத்தால் தோல் மாதிரி வளையும். அந்த நிலையில் கத்தரியால் வெட்டலாம், தோளுக்கும் கைக்கும் ஏற்ற மாதிரி பாத்திரத்தின் மேல் வளைத்துக் கயிறு கட்டிக் காயவிடலாம். காய்ந்ததும் அதே வளைவில் விறைப்பாக நின்றுவிடும். கனமே இருக்காது, பெயிண்ட் பிடிக்கும். ஓரம் மட்டும் கூராக இருக்கும், சுற்றிலும் துணிப் பட்டை வைத்துத் தைக்க வேண்டும். தோள் கவசம், முன்கைக் கவசம் இரண்டுக்கும் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

செலவு என்று பார்த்தால், வெளியில் வாங்குவது பாக்கு மட்டைத் தட்டு, சின்ன ஃபெவிகால், இரண்டு பக்க டேப், கறுப்பும் பொன்நிறமும் கலர், இரண்டு மீட்டர் இலாஸ்டிக், கண்மைப் பென்சில், அவ்வளவுதான். கடைவீதி விலைக்கு எல்லாம் சேர்த்து 200 ரூபாயைத் தாண்டாது. உங்கள் ஊரில் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் 300-க்குள் அடங்கும். தையல்காரரிடம் வெட்டுத் துணி கேட்டு வாங்கத் தயங்காதீர்கள், நாங்கள் மூட்டை கட்டித்தான் வைத்திருக்கிறோம்.

கழுத்துக்கும் கைக்கும் நகை போட வேண்டுமென்றால் பாசி, கவரிங் எதுவானாலும் சரி. வீட்டில் இருக்கிற தங்கச் சங்கிலியையோ வெள்ளிக் காப்பையோ மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். கூட்டத்தில் தொலைந்தால் பிள்ளை பயந்துவிடும். காலில் செருப்பு வேண்டாம், மேடை ஈரமாக இருந்தால் வழுக்கும். குதிரை அட்டை செய்து இடுப்பில் மாட்டலாமா என்று நினைப்பு வந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு கையும் குதிரையைப் பிடிக்கத்தான் சரியாக இருக்கும்.

வசனத்தையும் உடுப்போடு சேர்த்தே பழக்குங்கள். சின்னமலைக்கு நீளமாக எழுத வேண்டியதில்லை, பேர் வந்த கதை ஒன்றே போதும். மைசூர் அரசுக்குக் கொண்டுபோன வரிப் பணத்தை வழிமறித்துப் பறித்துவிட்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என்று சொன்னதாகக் கொங்கு நாட்டில் காலங்காலமாகச் சொல்வார்கள். இதைச் சொல்லும்போது 'சென்னிமலை' என்று வலது பக்கமும் 'சிவன்மலை' என்று இடது பக்கமும் வாளை நீட்டி, 'சின்னமலை' என்று மார்பைத் தட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு 1801-இல் காவிரிக் கரை, 1802-இல் ஓடாநிலை, 1804-இல் அறச்சலூர் என்று மூன்று போரையும் மூன்று விரல் மடக்கிச் சொல்லட்டும். முடிவில் சங்ககிரி. வாளை நீட்டும் இடத்தில் தோள் துணி மேலே ஏறுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஏறினால் தோளில் இரண்டு தையல் போடுங்கள்.

ஆகஸ்ட் பதினைந்து காலையில் ஏற்காட்டில் மழை வந்தால் ஆச்சரியமில்லை. வாளையும் கேடயத்தையும் பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தனியாகக் கொண்டுபோங்கள். தலைப்பாகையைத் தொப்பி மாதிரிக் கடைசி நிமிஷத்தில் மாட்டிவிடலாம். ஊசி, வெள்ளை நூல், கறுப்பு நூல், கண்மைப் பென்சில், நாலு ஊக்கு ஒரு சின்னப் பையில் உங்களோடு இருக்கட்டும்.

தங்கச்சிக்கு ஆகுமா என்றால், நன்றாகவே ஆகும். அடுத்த வருஷம் அவளை வேலு நாச்சியார் ஆக்குங்கள். கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோயிலில் கொல்லப்பட்ட பிறகு படை திரட்டி, 1780-இல் சிவகங்கையை மீட்ட ராணி. இதே வாள், இதே கேடயம், இதே கச்சை. வேட்டிக்குப் பதில் அதே டவுசர் முறையில் சேலையைக் கச்சமாகத் தைத்துக்கொள்ளலாம். தோளுக்கும் முன்கைக்கும் மட்டும் பாக்கு மட்டைக் கவசம் புதிதாகச் செய்தால் போதும்.

அதுவரை கெடாமல் வைக்க, போட்டி முடிந்ததும் டவுசரிலிருந்து வேட்டியைப் பிரித்துத் துவைத்துவிடுங்கள், முறுக்கிய துணியில் மடிப்புக் கறை நின்றுவிடும். தலைப்பாகையை நசுக்காமல் கிண்ணத்தின் மேலேயே கவிழ்த்து, காய்ந்த வேப்பிலையோடு துணிப்பையில் கட்டி வையுங்கள். வாளைப் படுக்கவைக்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள். ஏற்காட்டு ஈரத்துக்குப் பீரோவின் அடித்தட்டு ஆகாது, மேல்தட்டுதான் நல்லது. மார்கழி, தை வெயிலில் ஒரு நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவைத்துவிடுங்கள்.